கையிலே தூபகலசம், முகத்திலே கோபம்

வேதபாடம்: 2 நாளாகமம் 16, 19, 20, 26 அதிகாரங்கள்





இந்த மாதம் ஆராதனையைப் பற்றி ஒரு வேதபாடம் எழுதும்படி சகோதரர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆராதனைன்னு சொன்னதும் நம்ம ஜனங்களுக்கு முதலாவது ஞாபகத்துக்கு வருவது பாட்டுதான். கீபோர்டு, டிரம்ஸ், கைத்தாளம், மைக்செட். "இன்னிக்கு ஆராதனை நல்லா இருந்துச்சு பாஸ்டர்" என்று ஒருவர் சொன்னால், பாட்டு நன்றாக இருந்தது என்று அர்த்தம். அதை நான் குறை சொல்ல வரவில்லை. நானும் சத்தமாய் ஆராதிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். கை தட்டக்கூடாது என்றால் எனக்குப் பாட்டே வராது. ஆனாலும் இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு வேதத்துக்குள்ளே போய்ப் பார்த்தால், அங்கே பாட்டுக்கு முன்னால் வேறொன்று நிற்கிறது.

நான் வாரத்தில் ஆறு நாள் லேத் பட்டறையில் வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சபை நடத்துகிறவன். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா படித்த நாட்களில் எபிரெயு எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதில் மறக்காமல் நிற்கிற ஒரு சொல் 'ஷாகா'. பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய 170 தடவை வருகிறது. குனிந்து வணங்குவது, தரையில் விழுந்து பணிவது என்று அதற்கு அர்த்தம். ஆபிரகாம் மோரியா மலைக்கு ஈசாக்கைக் கூட்டிக்கொண்டு போகிறபோது வேலைக்காரரிடம் தான் செய்யப்போவதாகச் சொன்னது இந்தச் சொல்தான் (ஆதியாகமம் 22:5). அங்கே பாட்டு கிடையாது, வாத்தியம் கிடையாது. விறகும் நெருப்பும் கத்தியும் இருந்தது. சாராளை அடக்கம்பண்ண நிலம் கேட்டு ஏத்தின் புத்திரர் முன்பாக அதே ஆபிரகாம் குனிந்தானே, அதற்கும் இதே சொல் (23:7). யோபு பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டுத் தரையிலே விழுந்தானே, அதற்கும் இதே சொல்தான் (1:20).

நம்முடைய தமிழ் வேதாகமத்தில் இந்த வித்தியாசம் அழகாய்த் தெரிகிறது. 1871-ல் பவர் ஐயர் குழுவினரின் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. இன்றைக்கும் நம் கையில் இருப்பது அதுதான். மத்தேயு 4:10-ல் ஆண்டவர் சோதனைக்காரனுக்குப் பதில் சொல்லுகிற இடத்தைப் பாருங்கள். பணிந்துகொள்ளுதல் என்று ஒன்று, ஆராதனைசெய்தல் என்று ஒன்று. கிரேக்கிலும் அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். முதலாவது பணிவு, அதற்குப் பிறகு ஆராதனை. அதற்கு முந்தின வசனத்தில் பிசாசானவன் எதைக் கேட்டான்? உலகத்தின் சகல ராஜ்யங்களையும் காண்பித்து, ஒரே ஒரு தடவை விழுந்து பணியச் சொன்னான். பாட்டு ஒன்றும் கேட்கவில்லை. எது முக்கியம் என்று அவனுக்குத் தெரியும்!

இதைச் சொன்னதும் சிலர், "அப்ப எல்லாரும் முழங்கால் போடணுமா பாஸ்டர்? எனக்கு மூட்டுவலி" என்று கேட்பார்கள். பாய் விரித்து உட்கார்ந்த சபைகளில் இப்போது நாற்காலி வந்துவிட்டது. வரட்டும். மூட்டுவலிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தே பணியலாம். முழங்காலில் நிற்கிறவன் உள்ளே நிமிர்ந்துகொண்டும் இருக்கலாம். அப்படியானால் ஒருவன் உள்ளே பணிந்திருக்கிறானா என்று எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை பாட்டு நேரத்தில் அது தெரியாது. கண்ணீரை வைத்தும் சொல்ல முடியாது. நாளாகமப் புஸ்தகம் அதற்கு ஒரு பரீட்சை வைக்கிறது. யூதாவின் ராஜாக்களை ஒவ்வொருவராய் நிறுத்தி, அவர்கள் எதிரில் ஒரு மனுஷனை அனுப்பி, "நீ செய்தது தப்பு" என்று சொல்லவைக்கிறது. பிறகு ராஜாவின் முகத்தை நமக்குக் காட்டுகிறது.

அப்பாவும் மகனும்

ஆசா நல்ல ராஜா. விக்கிரகங்களை அகற்றினவன். எத்தியோப்பியனாகிய சேரா பத்து லட்சம் பேரோடு வந்தபோது கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டு ஜெயம் பெற்றவன். ஆனால் அவனுடைய 36-ம் வருஷத்தில் இஸ்ரவேலின் ராஜாவாகிய பாஷா எல்லையில் ராமாவைக் கட்டத் தொடங்கினபோது, ஆசா ஜெபிக்கவில்லை. கர்த்தருடைய ஆலயப் பொக்கிஷத்திலிருந்து வெள்ளியும் பொன்னும் எடுத்து, சீரியாவின் ராஜாவாகிய பெனாதாத்துக்கு அனுப்பினான். காரியம் நடந்தது. பாஷா வேலையை நிறுத்திவிட்டுப் போனான். உலகத்தார் பார்வையில் சாமர்த்தியம்! அப்பொழுதுதான் அனானி என்கிற ஞானதிருஷ்டிக்காரன் வந்து, நீர் கர்த்தரைச் சார்ந்துகொள்ளாமல் சீரியாவைச் சார்ந்துகொண்டீர் என்று நேருக்கு நேர் சொன்னான். ஆசா என்ன செய்தான்? அவனைப் பிடித்துக் காவலறையில் போட்டான். அதோடு விட்டானா? ஜனங்களிலும் சிலரைக் கொடுமைப்படுத்தினான் என்று 16:10 சொல்லுகிறது. இந்தக் கடைசி வார்த்தையை நாம் வேகமாய்க் கடந்துபோய்விடுகிறோம். கண்டிப்பைத் தாங்காதவனுடைய கோபம் கண்டித்தவனோடு நிற்காது. ஒன்றும் அறியாதவர்கள் மேலும் பாயும். 39-ம் வருஷத்தில் கால்களில் வியாதி கண்டது. அப்போதும் அவன் கர்த்தரைத் தேடவில்லை. 41-ம் வருஷத்தில் மரித்தான்.

மகன் யோசபாத் வந்தான். இவனும் நல்லவன். ஐந்து பிரபுக்களையும் ஒன்பது லேவியரையும் இரண்டு ஆசாரியரையும் நியாயப்பிரமாண புஸ்தகத்தோடு ஊர் ஊராய் அனுப்பி ஜனங்களுக்குப் போதிக்கச் செய்தவன். ஆனால் இவனும் சறுக்கினான். ஆகாபோடு சம்பந்தம் கலந்து, அவனோடுகூட ராமோத்துக்கு யுத்தத்துக்குப் போனான். மிகாயா தீர்க்கதரிசி வேண்டாம் என்று சொன்னதைக் காதால் கேட்டும் போனான். மயிரிழையில் உயிர் தப்பி எருசலேமுக்குத் திரும்பி வருகிறான். வழியில் ஒருவன் எதிர்ப்படுகிறான். யார் தெரியுமா? யெகூ. யாருடைய மகன்? அனானியின் மகன்!

பிரியமானவர்களே, இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். இவனுடைய அப்பாவைத்தான் அவனுடைய அப்பா சிறையில் போட்டார். அந்த வீட்டில் அம்மா பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை இராத்திரி அழுதிருப்பாள்? அந்த வீட்டுப் பிள்ளை வளர்ந்து, அதே அரண்மனைக்காரனிடம், அதே மாதிரி ஒரு கண்டிப்பைக் கொண்டுவந்து நிற்கிறது. யெகூவுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! யோசபாத் நினைத்திருந்தால், "உங்க குடும்பத்துக்கே இதுதான் வேலையா?" என்று கேட்டு அப்பா செய்ததையே செய்திருக்கலாம். காவலறை அங்கேதான் இருக்கிறது. அவன் செய்யவில்லை. யெகூவுக்கு அவன் ஒரு பதிலும் சொன்னதாக எழுதியில்லை. அடுத்த வசனத்தில் (19:4) அவன் பெயெர்செபா தொடங்கி எப்பிராயீம் மலைத்தேசம் வரைக்கும் தானே ஜனங்களுக்குள்ளே புறப்பட்டுப் போய், அவர்களைக் கர்த்தரிடத்துக்குத் திருப்புகிறான். பட்டணந்தோறும் நியாயாதிபதிகளை வைக்கிறான். கண்டிப்புக்கு அவன் கொடுத்த பதில் அதுதான்.

20-ம் அதிகாரத்தைப் பற்றி நாம் எத்தனையோ செய்தி கேட்டிருக்கிறோம். பாட்டுக்காரரை முன்னே நிறுத்தி யுத்தத்தை ஜெயித்த சரித்திரம். கன்வென்ஷன் போஸ்டரில் போடுவதற்கு ஏற்ற அதிகாரம். ஆனால் 21-ம் வசனத்துக்கு நேரே தாவிவிடாமல் முன்னாலிருந்து வாசியுங்கள். மோவாபியரும் அம்மோனியரும் சேயீர் மலைத்தேசத்தாரும் எங்கேதி வரை வந்துவிட்டார்கள். எங்கேதி சவக்கடலின் மேற்குக் கரையில் இருக்கிறது. எருசலேமிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். யோசபாத் பயந்தான் என்று வேதம் மறைக்காமல் சொல்லுகிறது. உபவாசம் கூறினான். ஆலயப் பிராகாரத்தில் எல்லார் முன்பாகவும் நின்று, எங்களுக்குப் பெலன் இல்லை, என்ன செய்கிறதென்று தெரியவில்லை என்று ஜெபித்தான். 17-ம் அதிகாரத்தில் இவனுடைய சேனைக் கணக்கு எழுதியிருக்கிறது. கூட்டிப் பார்த்தால் 11 லட்சத்து 60 ஆயிரம் பேர்! அவ்வளவு பேரை வைத்திருக்கிற ராஜா, பெண்களும் கைக்குழந்தைகளும் நிற்கிற கூட்டத்தில், தனக்குத் தெரியவில்லை என்கிறான். எந்த ராஜா பேசுகிற பேச்சு இது?

அப்பொழுது ஆவியானவர் இறங்கினார். யார்மேல்? ராஜாவின் மேல் இல்லை. பிரதான ஆசாரியன் மேலும் இல்லை. சபையின் நடுவே இருந்த யகாசியேல் என்கிற ஒரு லேவியன் மேல். ஆசாபின் வம்சம், பாட்டுக்காரக் குடும்பம். இன்றைய பாஷையில் சொன்னால் பின்பாட்டு பாடுகிற தம்பி. அவன், ராஜாவே கேளும், என்று ஆரம்பிக்கிறான். ராஜா கேட்டான். கேட்டு, தரைமட்டும் முகங்குனிந்தான். யூதா அனைத்தும் கூடவே விழுந்து பணிந்துகொண்டது (20:18). 'ஷாகா' வருவது இங்கேதான். அதன் பிறகு, 19-ம் வசனத்தில்தான், லேவியர் எழுந்து மகா சத்தத்தோடு துதிக்கிறார்கள். பாருங்க, சத்தம் உண்டு. மகா சத்தம் என்றே எழுதியிருக்கிறது. நம்முடைய சத்தத்துக்கு யாரும் வெட்கப்பட வேண்டாம். அந்தச் சத்தம் தரையிலிருந்து எழும்பினது, அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

அனானியின் மகன் சொன்னதைக் கேட்டுப் பழகின காதுதான் யகாசியேலின் சத்தத்தையும் கேட்டது. 19-ம் அதிகாரத்தில் யெகூவைப் பிடித்து உள்ளே போட்டிருந்தால், 20-ம் அதிகாரத்தில் எந்த லேவியன் வாயைத் திறந்திருப்பான்?

ஆலயத்துக்குள் வந்த ராஜா

இனி உசியாவைப் பார்ப்போம். யோசபாத்தின் வம்சத்தில் வந்தவன். 16 வயதில் ராஜாவாகி 52 வருஷம் ஆண்டான். எனக்குப் பிடித்த ராஜா இவன். கிணறு வெட்டினான், விவசாயத்தில் ஆசையுள்ளவன், அம்பும் கல்லும் எறிகிற யந்திரங்களைச் செய்வித்தான். பட்டறைக்காரனுக்கு இதெல்லாம் வாசிக்கச் சந்தோஷம். ஆனால் பலப்பட்டபோது அவன் மனம் மேட்டிமையானது (26:16). எபிரெயுவில் இந்த இடத்தில் இருக்கிற 'காபாஹ்' என்கிற சொல்லுக்கு உயருவது என்று அர்த்தம். ஆச்சரியம் என்னவென்றால், யோசபாத்தின் இருதயம் கர்த்தருடைய வழிகளில் உற்சாகங்கொண்டது என்று 17:6-ல் வாசிக்கிறோமே, அங்கேயும் இதே சொல்தான். ஒருவனுக்கு இருதயம் கர்த்தருடைய வழியில் உயர்ந்தது. மற்றவனுக்குத் தன் பெலத்தில் உயர்ந்தது.

மேட்டிமையானவன் எங்கே போனான்? சாராயக்கடைக்கா? விக்கிரகக் கோவிலுக்கா? கர்த்தருடைய ஆலயத்துக்குள் போனான்! தூபங்காட்டப் போனான். ஆராதிக்கத்தான் போனான். பெருமை ஆராதனைக்கு வராமல் ஓடிவிடும் என்று யாரும் நினைக்கவேண்டாம். அதற்கு முன்வரிசையில் இடம் கிடைத்தால் போதும். ஆசாரியனாகிய அசரியாவும் அவனோடு 80 ஆசாரியர்களும் பின்னாலேயே போய், இது உமக்குரியதல்ல, வெளியே போம், என்றார்கள். இந்த 81 பேரையும் பற்றி நாம் பிரசங்கிப்பதே இல்லை. சம்பளமும் உயிரும் ராஜாவின் கையில் இருக்கிறவர்கள். உசியா கோபங்கொண்டான். கையிலே தூபகலசம், முகத்திலே கோபம். அந்தக் கோப முகத்தின் நெற்றியிலேதான் குஷ்டரோகம் தோன்றினது. அதற்கப்புறம் மரணபரியந்தம் தனி வீடு, ஆலயத்துக்குப் புறம்பாக்கப்பட்டான். இன்னும் உள்ளே போகவேண்டும் என்று ஆசைப்பட்டவன் வாசலைக்கூட மிதிக்க முடியாமற்போயிற்று.

அந்த உசியா மரித்த வருஷத்தில்தான் ஏசாயா ஆண்டவரை உயர்ந்த சிங்காசனத்தில் கண்டான். குஷ்டரோகி மேலுதட்டை மூடிக்கொண்டு, தான் தீட்டு என்று சத்தமிடவேண்டும் என்பது லேவியராகமம் 13:45. ஏசாயாவுக்குக் குஷ்டம் இல்லை. ஆனாலும் தன் உதடுகள் அசுத்தம் என்று அலறினான். இரண்டு இடத்திலும் எபிரெயுவில் ஒரே சொல்தான். உடம்பில் நோயோடிருந்த ராஜா உணர்ந்து சொல்லவேண்டியதை, நோயில்லாத தீர்க்கதரிசி சொன்னான். அதற்குப் பிறகுதான் பலிபீடத்து நெருப்புத்தழல் அவன் வாயைத் தொட்டது.

இதை நம்முடைய சபைகளுக்குக் கொண்டுவராமல் நான் முடிக்க முடியாது. சிலருக்குக் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம வட்டாரங்களில் ஊழியக்காரரைப் பார்த்து யாராவது ஒரு கேள்வி கேட்டால், உடனே ஒரு வசனம் வரும்: அபிஷேகம் பெற்றவரைத் தொடக்கூடாது என்கிற வசனம். சங்கீதம் 105-ல் அது எங்கே வருகிறது என்று 12-ம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் கொஞ்சம் பேராய், சொந்த நிலமில்லாமல் தேசம் தேசமாய் அலைந்த காலத்தைப் பற்றினது. சாராளைக் கொண்டுபோன பார்வோனையும் அபிமெலேக்கையும் போன்ற ராஜாக்களிடமிருந்து தேவன் அந்தப் பரதேசிகளைக் காத்தார். பெலவானிடமிருந்து பெலவீனனைக் காத்த வசனம் அது. அதையே பெலவான் கேடயமாய்ப் பிடித்துக்கொள்வது நியாயமா? தாவீதும் சவுலைத் தொடவில்லைதான். ஆனால் குகையைவிட்டு வெளியே வந்து, முகங்குனிந்து வணங்கி, நீர் ஏன் என்னைத் துரத்துகிறீர் என்று நேராய்க் கேட்டானே (1 சாமுவேல் 24). கை வைக்கவில்லை; கேள்வி கேட்டான்.

நான் அறிந்த ஒரு சபையில் ஒரு சகோதரர் காணிக்கைக் கணக்கைக் கேட்டார். மரியாதையாய்த்தான் கேட்டார். அடுத்த வாரமே பந்தியில் அவருக்கு அப்பமும் ரசமும் மறுக்கப்பட்டது. அன்றைக்கு அங்கே பாட்டு வழக்கத்தைவிடச் சத்தமாய் இருந்தது. நான் பின்னால் நின்றிருந்தேன். மூன்று குடும்பங்கள் அந்த வருஷமே வெளியே போயின. அதில் ஒரு வாலிபன் இன்றுவரை எந்தச் சபைக்கும் போகிறதில்லை. ஜனங்களில் சிலரை ஆசா கொடுமைப்படுத்தினான் என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் முகம்தான் வரும்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். தென்மாவட்டத்தில் ஒரு கிராமச் சபையில் நான் உதவி ஊழியனாய் இருந்த நாட்களில், அங்கே பாஸ்டர் ஐயாவுக்கு எழுபது வயது இருக்கும். சபையைக் கூட்டிப் பெருக்குகிற ஒரு ஆச்சி உண்டு. சாட்சி நேரத்தில் அந்த ஆச்சி எழுந்து நின்று, "ஐயா, போன வாரம் அந்தத் தம்பிய எல்லாருக்கும் முன்னால வெச்சு ஏசிட்டிய. அது சரியில்ல ஐயா. அவன் அழுதுகிட்டே போனான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது. கூட்டத்தில் ஈ ஆடவில்லை. ஐயா மேடையைவிட்டு இறங்கி வந்து, ஆச்சி பெருக்கின அந்தத் தரையில் முழங்கால்படியிட்டு, "நீ சொல்றது சரிதான் தாயி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மறுபடியும் போனார். அவன் சபைக்குத் திரும்பி வர மூன்று மாதம் ஆயிற்று. பெரிய எழுப்புதல் உண்டாயிற்று என்று நான் கதை கட்ட மாட்டேன். ஆனால் அந்தச் சபையில் சின்னப் பிள்ளைகூட ஐயாவிடம் வந்து உண்மையைப் பேசும்.

அதற்காக, குறை சொல்லுகிறவர்கள் எல்லாரும் யெகூ ஆகிவிட முடியாது. யெகூ முகத்துக்கு முன்பாக வந்து நின்றான். டீக்கடையில் பேசவில்லை. இன்றைக்கு என்றால், ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் பெயர் போடாமல் அனுப்பியிருக்கமாட்டான். கோபத்தைச் சொன்ன அதே வாயினால், உம்மிடத்தில் நன்மையும் காணப்பட்டது, தோப்புகளை அகற்றினீர், என்று அதையும் சேர்த்துச் சொன்னான் (19:3). இந்தப் பாதியைச் சொல்லத் தெரியாதவர்கள் முதல் பாதியையும் சொல்லாமல் இருப்பது நல்லது.

யோசபாத்தும் ஒரே தடவையில் தேறிவிடவில்லை. பெராக்கா பள்ளத்தாக்கில் ஸ்தோத்திரம் செலுத்தின அந்த மனுஷனே பிற்பாடு ஆகாபின் மகன் அகசியாவோடு கூட்டுச் சேர்ந்து எசியோன்கேபேரில் கப்பல் கட்டினான். மரேசா ஊரானாகிய எலியேசர் வந்து கண்டித்தான். கப்பல்கள் உடைந்துபோயின. மூன்றாவது தடவை அவன் கேட்ட கண்டிப்பு இது. 1 இராஜாக்கள் 22:49-ல் அகசியா அவனிடம் கேட்கிறான்: என் ஆட்களும் உம்முடைய ஆட்களோடு கப்பலில் போகட்டும். யோசபாத் சம்மதிக்கவில்லை.

நம்முடைய சபையில் இந்த மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம் கூடியிருப்போம். காணிக்கைக் கணக்கு நோட்டு மேஜைமேல் திறந்து இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். என் பிரசங்கத்திலோ நடக்கையிலோ கேட்கவேண்டியது இருந்தால் கேளுங்கள். பேசத் தயங்குகிற தாய்மார்கள் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பெயர் போட்டுக் கொடுங்கள். வருமுன் வீட்டில் 2 நாளாகமம் 26-ம் அதிகாரத்தைக் குடும்பமாய் வாசித்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஊழியத்தில் உங்கள் சகோதரன்.